பூட்டிய வாயிலும் அதன் எதிரே 47 பேரும்: கடற்கரைப் பூங்கா நிர்வாகத்துக்குத் தருமபுரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடற்கரைப் பூங்காவைப் பராமரிக்கும் நகராட்சியின் ஆணையர் அவர்கள், நகர்மன்ற உறுப்பினர்கள்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

தங்கள் பொறுப்பில் உள்ள கடற்கரைப் பூங்கா ஜூன் முதல் தேதியிலிருந்து பொதுமக்களுக்குக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே திறந்திருக்கும் என்றும், காலை 5 முதல் 8 வரையிலும் மாலை 5 முதல் 8 வரையிலும் நடைப்பயிற்சி அட்டை வைத்திருக்கும் உள்ளூர்வாசிகள் மட்டுமே உள்ளே விடப்படுவர் என்றும் தங்கள் அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. காலை நேரக் கட்டுப்பாடு முன்பே இருந்ததுதான். அதை நீக்கும்படி கேட்டு மார்ச் மாதம் ஒப்புகை அட்டையுடன் நான் அனுப்பிய பதிவுத் தபாலுக்குப் பதினொரு வாரம் கழித்து வந்த பதிலில், பராமரிப்பு, பாதுகாப்பு, நெரிசல் ஆகிய காரணங்களால் காலை முறை தொடர்வதோடு மாலை நேரத்துக்கும் நீட்டிக்கப்படுகிறது என்ற ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இருக்கும் பூட்டைத் திறக்கச் சொல்லி எழுதியவளுக்கு இன்னொரு பூட்டுப் போட்ட செய்திதான் பதிலாக வந்தது. வெயில் காயும் எட்டு மணி நேரம் வெளியூராருக்கு, காலைக் குளிர்ச்சியும் மாலைக் காற்றும் அட்டைக்காரருக்கு என்பதுதான் தங்கள் முடிவின் பொருள் என்றால், அதை வாய்மூடி ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை. ஆகவே இம்மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஊரின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. என் பழைய மனு தங்கள் கோப்பில் இருப்பதால் எந்தப் பூங்கா என்பது தங்களுக்குத் தெரியும். மற்றக் கடற்கரை ஊர்களின் அலுவலர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், இது தங்கள் ஊர்தானோ என்று அவர்களும் ஒரு கணம் ஐயப்படட்டும்.

நான் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராகப் பதினாறு ஆண்டுகளாக இருந்து வருகிறேன். தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக மகளிர் குழுக்கள் முதலில் வேர்பிடித்தது எங்கள் மண்ணில்தான். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989ஆம் ஆண்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில். பத்து ரூபாய் வந்தாலும் போனாலும் எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் பெண்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. எனவே இந்த மடலில் வரும் தொகைகளும் மணிக்கணக்கும் நினைவிலிருந்து எழுதியவை அல்ல, குழுவின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை. நுழைவுச் சீட்டுகளையும் வண்டி நிறுத்த ரசீதையும்கூட அதே பதிவேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மூன்று குழுக்களைச் சேர்ந்த 31 பெண்கள், மாதம் 75 ரூபாய் வீதம் 14 மாதங்கள் கட்டியதில் 32,550 ரூபாய் சேர்ந்தது. கடன் தவணைக்கும் சேமிப்புக்கும் அப்பால், கடலைப் பார்ப்பதற்கென்றே தனியாகக் கட்டிய பணம் அது. பேருந்து வாடகையும் ஓட்டுநர் படியும் 27,500 ரூபாய். மீதமிருந்த 5,050 ரூபாய்க்குள் 31 உறுப்பினர்கள், அவர்கள் வீட்டு முதியவர்கள் 7 பேர், பிள்ளைகள் 9 பேர் என 47 பேருக்கும் நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தம், தேநீர், கழிப்பறை எல்லாம் அடங்க வேண்டும். விடுதி அறை எடுக்க அந்தக் கணக்கில் இடமே இல்லை. மறுநாள் விடியலில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டியவர்கள் எங்களில் பாதிப் பேர். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஏறி, அரூர், தானிப்பாடி, திருவண்ணாமலை வழியாக இரவெல்லாம் பயணம் செய்து, விடியலில் கடலைக் கண்டு, வெயில் ஏறுமுன் பிள்ளைகளைத் தண்ணீரில் கால் நனைக்க விட்டு, பிற்பகல் இரண்டரை மணிக்குத் திரும்ப ஏறினால்தான் சனிக்கிழமை இரவு வீடு வந்து சேர முடியும். உள்மாவட்டங்களிலிருந்து கடலுக்கு வரும் எளிய மக்களில் பெரும்பாலோருடைய பயணம் இப்படிப்பட்டதுதான் என்பதை, தங்கள் கடற்கரைச் சாலையில் எந்தச் சனிக்கிழமை விடியலிலும் வந்து நிற்கும் பேருந்துகளைப் பார்த்தாலே தாங்கள் அறியலாம்.

பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை அதிகாலை 4.50க்கு எங்கள் பேருந்து தங்கள் பூங்காவின் வாயிலுக்கு எதிரே நின்றது. ஐந்து மணிக்கு வாயில் திறந்தது. கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நாங்களும் எழுந்து போனோம். காவலாளி எங்களைத் தடுத்து, ஒன்பது மணிக்குத்தான் வெளியூர்க்காரருக்கு அனுமதி என்று சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த தங்கள் சுற்றறிக்கையைக் காட்டினார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல்தான் அவர் சொன்னார். அட்டை எங்கே வாங்குவது என்று கேட்டேன். நகராட்சி எல்லைக்குள் குடியிருப்பதற்கான சொத்து வரி ரசீதோ வாக்காளர் அட்டையோ வேண்டும் என்றார். கம்பைநல்லூரில் குடியிருக்கும் ஒருத்திக்கு அந்த அட்டை எந்த நாளும் கிடைக்காது என்பது அப்போதுதான் விளங்கியது.

அன்று காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் மனுவில் நாகரிகம் கருதி நான் சுருக்கமாக எழுதியதைத் தங்கள் அலுவலகம் சிறிய குறை என்று எடுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. ஏழு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்த 38 பெரியவர்களுக்கு அப்போது முதலில் வேண்டியிருந்தது கழிப்பறை. பூங்காவுக்குள், கம்பி வேலியிலிருந்து முப்பது நாற்பது அடி தூரத்தில், விளக்கெரியும் கழிப்பறை கண்ணெதிரே இருந்தது. அது பூட்டியிருக்கவில்லை. அட்டைக்காரர்களுக்காகத் திறந்திருந்தது. தலைக்குப் பத்து ரூபாய் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் வெளியே நின்றோம். நடைக்கு வந்த ஓர் அம்மா எங்களுக்காகக் காவலாளியிடம் வாதாடிப் பார்த்தார். தம் அட்டையைக் கழற்றி எங்கள் கையில் கொடுக்கவும் முன்வந்தார். அதில் அவருடைய புகைப்படம் இருந்தது.

பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறை இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகச் சொன்னார்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிய ஓட்டுநர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். மாலையில் எங்கள் உயிரெல்லாம் அவர் கையில்தான் என்பதால் அவரை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. தேநீர்க் கடை நடத்தும் ஒரு மீனவப் பெண் தம் வீட்டுக் கழிப்பறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைக் காலி செய்துவிடுவோமோ என்ற கூச்சத்தில், மாதவிடாய் நாளில் இருந்த இரண்டு பேரையும் நடக்க முடியாத முதியவர்களையும் மட்டுமே அங்கே அனுப்பினோம். மற்றப் பெண்கள் இருட்டு விலகுவதற்குள் சவுக்குத் தோப்புப் பக்கம் போய்விட்டு வந்தார்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவள் நான். அந்தத் தோப்பை நோக்கி என் உறுப்பினர்கள் நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களுக்கு விடை சொல்ல, 'பராமரிப்புக் காரணங்கள்' என்ற சொற்கள் போதுமா என்று தங்களைக் கேட்கிறேன்.

எங்களோடு வந்த முதியவர்களில் ஒருவருக்கு வயது 71. உறுப்பினர் ஒருவரின் மாமியார், எங்களுக்கெல்லாம் பெரியம்மா. அவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து ஓடைகளின் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது என்று பேரன் பாடப் புத்தகத்தைப் படித்துச் சொன்னதிலிருந்து, "நம்ம ஆத்துத் தண்ணி போய்ச் சேர்ற எடத்தை ஒருவாட்டி பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். தங்கள் ஊர் அந்த முகத்துவாரம் அல்ல, ஆனாலும் கடல் ஒன்றுதானே என்று அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தோம். ஆறரை மணியளவில் சூரியன் கடலிலிருந்து எழுந்தபோது, பெரியம்மா அதை இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்தார். உள்ளே, தடையில்லாத பார்வைக்கென்று வரிசையாகப் போட்டிருந்த சிமெண்ட் இருக்கைகளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. ஒன்பது மணிக்கு வாயில் திறந்தபோது, அந்த இருக்கைகள் மேல் கை வைக்க முடியாதபடி சூடேறத் தொடங்கியிருந்தது.

பூங்காவுக்குள் போக முடியாவிட்டால் பக்கத்து மணலில் இறங்கியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பூங்காவுக்கு வடக்கே மீனவர் குப்பம். படகும் வலையும் கிடக்கும் அந்தக் கரை அவர்களுடைய களத்துமேடு. அடுத்தவர் களத்தில் நெல் காயும்போது கும்பலாகப் போய் நிற்பது எங்கள் வழக்கமில்லை. தெற்கே, கரையைக் கடல் அரிக்காமலிருக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டி அமைத்த தூண்டில் வளைவு. பொறுமையிழந்த பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் போனார்கள். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, கற்களை ஒட்டி அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்த தண்ணீரில் இறங்கிவிட்டாள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஓடிவந்து கத்தி, அவளை இடுப்பளவு நீரிலேயே நிறுத்தி, தாமே இறங்கிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "அலை உடையாத எடம்தான் உள்ள இழுக்கும்மா" என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்குக் கிணறு தெரியும், ஏரி தெரியும், ஒகேனக்கல் பாறை வழுக்கும் என்பது தெரியும். எங்கள் நீர்நிலைகளில் அமைதியாகத் தெரியும் தண்ணீர்தான் பாதுகாப்பான தண்ணீர் என்றே பெரும்பாலும் பழகியிருக்கிறோம். கடலில் அது தலைகீழ். கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும் ஓட்டம் எங்கே வலுவாக இருக்கிறதோ, அங்கே அலை அதிகம் உடையாது, நீர் கருத்துத் தெளிந்தாற்போல் தெரியும். தூண்டில் வளைவின் ஓரங்களில் அத்தகைய ஓட்டம் உண்டாவது இயல்பு என்பதைப் பிறகுதான் கேட்டறிந்தேன். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவார் என்பதும், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்திலிருந்து விலகலாம் என்பதும் கடலோரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தங்கள் கடற்கரையில் ஒரு பலகை இல்லை. 'இங்கு குளிப்பது ஆபத்தானது' என்று துருப்பிடித்த எழுத்துகள் மட்டும் ஒரு தூணில் இருந்தன. உயிர்காப்பாளர்கள் நிற்கும் மேடை பூங்காவுக்கு நேர் எதிரே உள்ள மணலில், அதுவும் ஒன்பது மணிக்கு மேல்தான். பாதுகாப்பு என்று சொல்லித் தாங்கள் பூட்டிய வாயில், எங்களைப் பாதுகாப்பான மணலிலிருந்து விலக்கி ஆபத்தான கற்களுக்குத் தள்ளியது. அன்று அந்தப் பெரியவர் அங்கே இல்லாமலிருந்தால் நான் எழுதும் மடல் வேறாக இருந்திருக்கும், அதைப் பெறுபவரும் வேறொருவராக இருந்திருப்பார்.

ஒன்பது மணிக்கு 38 பேருக்கு 20 ரூபாய் வீதமும் 9 பிள்ளைகளுக்கு 10 ரூபாய் வீதமும் 850 ரூபாய் கட்டி உள்ளே போனோம். ஊஞ்சலும் சறுக்கு மரமும் நன்றாகவே இருந்தன. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாயிலிலேயே எங்கள் கட்டுச்சோற்று மூட்டைகள் நிறுத்தப்பட்டுவிட்டன. வெளி உணவுக்கு அனுமதியில்லை, குப்பை சேரும் என்று காரணம் சொல்லப்பட்டது. நாங்கள் கொண்டுவந்தது எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறும், தையல் இலையும், துணியில் முடிந்த வறுத்த நிலக்கடலையும். உள்ளே ஒப்பந்தக் கடையில் கொடுத்தது பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதக் குவளையில் தேநீர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் அத்தகைய பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை இருக்கிறது. குப்பைதான் கவலை என்றால் தடுத்திருக்க வேண்டியது எங்கள் தையல் இலையையா என்று தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற பேருந்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை விழுவதோடு நிற்பதில்லை. முதுகெலும்பும் முழங்காலும் விறைத்துப்போகும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு வளரும் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அதற்கு முன்பே முதுகு விறைத்தவர்களுக்கு அது திரும்ப நிமிர்வதில்லை. பெரியம்மாவால் குந்தி உட்கார முடியாது. தளர்ந்த மணலில் நான்கு அடி எடுத்து வைத்தால் கால் புதைந்து விழுந்துவிடுவார். பூங்காவின் தளம் முடியும் இடத்திலிருந்து அலை தொடும் இடம் வரை ஏறத்தாழ இருநூறு அடி மணல். அந்த இருநூறு அடியைத் தாண்ட முடியாமல், கடலைப் பார்க்க வந்த பெரியம்மா கடலில் கால் நனைக்காமலே திரும்பினார். பேரன் குடிநீர்ப் புட்டியில் கடல்நீரைப் பிடித்து வந்து அவர் பாதத்தில் ஊற்றினான். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்கென 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தும், கைவிடாமல் சீர்செய்யப்பட்டது. நம் மாநிலத்திலேயே செய்து காட்டப்பட்ட ஒன்றைத்தான் நான் சுட்டுகிறேன். கழிப்பறையிலும் வெஸ்டர்ன் முறை ஒன்றுகூட இல்லை. பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக் கெடுவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதித்தது. அந்தக் கெடு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

தங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. பூங்காவின் அருகில் குடியிருப்பவர்களுக்கு வெளியூர்க் கூட்டத்தால் தொல்லை உண்டு. பேருந்துகள் வீட்டு வாசலில் நிற்கின்றன, சிலர் கண்ட இடத்தில் குப்பை போடுகிறார்கள், அதிகாலையில் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், அந்தக் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பையையும் பார்த்தவர்கள். எரிச்சல் எங்களுக்கும் வரும். ஆனால் பென்னாகரத்துக்காரர் மட்டும் காலையில் அருவியைப் பார்க்கலாம், மற்றவர் உச்சி வெயிலில் வாருங்கள் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசல் நிற்கும். உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் சேர்த்தே நிற்கும். பாதுகாப்புக் காரணம் என்பது அப்படித்தான் இருக்க வேண்டும். விடியற்காலையில் அட்டை வைத்திருப்பவருக்கு ஆபத்தில்லாத பூங்கா, அட்டை இல்லாதவருக்கு எப்படி ஆபத்தாகும்? ஏற்கெனவே தூய்மையாளரும் காவலரும் பணியில் இருக்கும் நேரத்தில், இன்னும் நாற்பது பேர் கட்டணம் கொடுத்து உள்ளே வருவதால் பராமரிப்பு எவ்வாறு கெடும்?

உள்ளூரார் வரி கட்டுகிறார்கள் என்பது இன்னொரு வாதமாக என் காதுக்கு வந்தது. நுழைவாயில் கல்வெட்டில், இப்பூங்கா மாநில அரசின் நிதியில் அமைக்கப்பட்டது என்று பொறித்திருக்கிறது. நான்கு மணி நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் பதவியும் எனக்கு மனப்பாடம். மாநில அரசின் நிதி என்றால் அதில் மொரப்பூர்ச் சந்தையில் வாங்கிய சோப்புக்கு நாங்கள் கட்டிய வரியும் இருக்கிறது. அது போகட்டும், கடல் யாருடையது என்ற கேள்விக்குத் தங்கள் நகராட்சித் தீர்மானத்தைவிடப் பெரிய இடத்தில் விடை இருக்கிறது. எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் என்று அறியப்படும் வழக்கில், இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரை தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு போன்றவற்றை அரசு மக்களின் சார்பில் அறங்காவலராக வைத்திருக்கிறதே தவிர உடைமையாளராக அல்ல என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது. மக்கள் என்ற அந்தச் சொல்லுக்கு நகராட்சி எல்லைக்கல் வரை என்று பொருள் கொள்ள வழியில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அதிகாலை நடைக்கு வருபவர்களின் உரிமையைப் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. அவர்கள் நடக்கட்டும், அட்டையும் வைத்திருக்கட்டும், ஆண்டுக் கட்டணத்தில் சலுகையும் பெறட்டும். அவர்கள் நடக்கும் பாதையில் எங்கள் பிள்ளைகள் குறுக்கே ஓடக் கூடாது என்று கோடு போட்டுக் கொடுத்தால் அதையும் மதிப்போம். அவர்களுக்குத் திறக்கும் கதவு எங்களுக்கும் திறக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை. பூங்கா வாயிலும் கழிப்பறையும் காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை, கட்டணம் செலுத்தும் எல்லோருக்கும் திறந்திருக்கும்படி ஜூன் முதல் தேதி முடிவைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு மன்றக் கூட்டம் தேவை, காலம் பிடிக்கும் என்றால், அதுவரை கழிப்பறையையாவது அதிகாலை முதல் வெளியூராருக்கும் திறந்துவிட, தங்கள் அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும், அதை இந்த வாரமே செய்யலாம். உயிர்காப்பாளர் பணி நேரம் சூரிய உதயத்தில் தொடங்க வேண்டும். தூண்டில் வளைவின் இருபுறமும், வாகன நிறுத்தத்திலும், அலை உடையாத நீரின் ஆபத்தையும் அதில் சிக்கினால் செய்ய வேண்டியதையும் படத்துடன் எளிய தமிழில் சொல்லும் பலகைகள் வேண்டும். அவற்றை எழுதுமுன் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிக்காமல், குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தளம் முடியும் இடத்திலிருந்து அலைக்கு அருகில் வரை மரப்பாதை ஒன்றும், கழிப்பறையில் கைப்பிடியுடன் கூடிய வெஸ்டர்ன் கழிப்பறை ஆண்களுக்கும் பெண்களுக்கும் குறைந்தது ஒவ்வொன்றும் அமைக்க, வரும் நிதியாண்டு வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்க வேண்டும். கட்டுச்சோறு சாப்பிட நிழலுள்ள ஓர் இடம் ஒதுக்கி, இலைக்கும் காகிதத்துக்கும் தனித்தனித் தொட்டி வைத்தால் போதும். பெருக்கிவிட்டுப் போவது எங்கள் பொறுப்பு, அதற்கு நூறு ரூபாய் முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டாலும் சம்மதமே.

இவற்றோடு, நடைப்பயிற்சி அட்டை முறையையும் அதன் நேர நீட்டிப்பையும் எந்தத் தேதியில், எந்தத் தீர்மானத்தின்படி கொண்டுவந்தீர்கள் என்பதையும், அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்கும் நகல்களைத் தாங்களே வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதே நகல்களைக் கேட்கும் மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இம்மடலுடன் தனி உறையில் வருகிறது. முப்பது நாள்களுக்குள் விடை தரத் தாங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

மூன்று குழுக்களும் இந்த மாதத்திலிருந்து மறுபடியும் 75 ரூபாய் பிடிக்கத் தொடங்கிவிட்டன. பெரியம்மாவின் பெயரை இம்முறை முதலாவதாக எழுதியிருக்கிறேன். அடுத்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நாங்கள் அதே வாயிலுக்கு வருவோம். அன்று அது திறந்திருக்குமா என்பதைக் காரணங்களுடன் எழுத்தில், குழுவின் முகவரிக்குத் தெரிவியுங்கள். நாங்கள் பேருந்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய மார்கழி மாதத்துக்கு முன் அந்தப் பதில் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஊக்குநர், மகளிர் சுய உதவிக் குழு,
கம்பைநல்லூர் வட்டாரம், தருமபுரி மாவட்டம்.